குடிபோன நிழல்

முத்துப்பேச்சி வீட்டைக் காலி செய்துகொண்டு போன அன்று, அவளுடைய பீரோவும் கட்டிலும் கிரைண்டரும் ஏற்றிய குட்டியானை வண்டி தெருமுனையில் திரும்பும்போது, செண்பகவடிவின் வீட்டு நிழலும் தரையை விட்டு மெல்லக் கிளம்பி, கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே போய்விட்டது. தெருவில் அப்போது ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவரும் பதறவில்லை. நிழலில் தள்ளுவண்டியை நிறுத்தித் துணி தேய்த்துக்கொண்டிருந்த சங்கிலி மட்டும், முதுகில் சுள்ளென்று வெயில் ஏறவும் நிமிர்ந்து பார்த்து, "பேச்சியக்கா எதையும் மறந்து வச்சிட்டுப் போற ஆளில்ல" என்று சொல்லிவிட்டு, தேய்த்தது பாதி தேய்க்காதது பாதியாகத் துணிகளை அள்ளி வைத்து, நிழல் போன திசையிலேயே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

செவ்வூரணியை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்குள் கிடக்கிற ஊர் அது. மழை வந்த வருசமும் உண்டு, வராத வருசமும் உண்டு, வெயில் மட்டும் ஒருநாளும் லீவு போட்டதில்லை. மாடி வீடுகள் குறைவு, மரங்கள் அதைவிடக் குறைவு. செண்பகவடிவும் அவள் வீட்டுக்காரர் ஆவுடையப்பனும் மேலத்தெருவில் கட்டிய மாடி வீட்டின் நிழல்தான் ஊரிலேயே பெரிய நிழல். அதில் சங்கிலி துணி தேய்த்தான், லூர்து பூக் கட்டினாள், மினிபஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் நின்றார்கள், நாய்கள் படுத்தன, ஆடுகள் அசை போட்டன. அது தன்னுடைய நிழல் என்பதில் செண்பகவடிவுக்குப் பெருமை சொல்லி முடியாது. தினமும் ஒரு தடவையாவது வெளியே வந்து எல்லாரையும் விரட்டுவாள். தன்னுடையது என்று காட்டிக்கொள்ள அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

நிழல் ஏன் போயிற்று என்று ஊர் ரொம்ப நேரம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. பால் காய்ச்சின கதைதான் எல்லாருக்கும் தெரியுமே. வீட்டுக்குப் பூச்சு வேலை முடிந்த மாதத்தில் ஆவுடையப்பனின் அப்பா காலமாகிவிட்டார். தலைத்திவசம் முடியாமல் சொந்தக்காரர்கள் புதுவீட்டில் நல்ல காரியம் செய்யக்கூடாது. செலவழித்துக் கட்டியதை ஒரு வருசம் பூட்டிப் போடவும் மனசு வரவில்லை. அந்த நேரம் பார்த்து லாரி டிரைவர் பால்பாண்டி தன் சம்சாரம் முத்துப்பேச்சியைக் கூட்டிக்கொண்டு மாடியை வாடகைக்குக் கேட்டு வந்தான். நல்ல நாளாகப் பார்த்து நீங்களே பால் காய்ச்சிக்கொள்ளுங்கள் என்று செண்பகவடிவுதான் சாவியைத் தூக்கிக் கொடுத்தாள். பேச்சி புதுப்பானையில் காய்ச்சிய பால் நுரைத்துப் பொங்கிக் கிழக்கே வழிந்தது. அடுத்த வருசம் செண்பகவடிவு கீழ்வீட்டுக்குக் குடிவந்தபோது, ஒரு வீட்டுக்கு எத்தனை தடவைதான் பால் காய்ச்சுவது என்று, நேராக அடுப்பைப் பற்றவைத்துப் புளிக்குழம்பு கூட்டிவிட்டாள். வீடு என்ன செய்யும்? தனக்கு முதன்முதலில் பால் பொங்கியவளைத்தான் தன்னுடைய மனுசி என்று நினைத்துக்கொண்டது.

பேச்சி அந்த மாடியில் குடியிருந்தது ஏழு வருசம். கீழே குடிவந்த நாளிலிருந்து செண்பகவடிவுக்கு வயிற்றெரிச்சல்தான். ஒரே மோட்டார், ஒரே தொட்டி, ஒரே குழாய். மாடியில் பேச்சி வைத்த கறிவேப்பிலை தளதளவென்று நின்றது, கீழே செண்பகவடிவு வைத்தது குச்சியாகவே நின்றது. ஆடிக்காற்றில் கீழ்வீட்டுக் கதவுகள் படீர் படீரென்று அடித்துக்கொள்ளும். மாடிக் கதவுகள் பேச்சி தூங்குகிறாள் என்று தெரிந்ததுபோல அடங்கிக் கிடக்கும். வாசலில் சலவைக்கல்லில் 'செண்பக இல்லம்' என்று பொன்னிறத்தில் வெட்டி வைத்திருந்தும், கேஸ்காரன் முதல் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் வரை எல்லாருக்கும் அது பேச்சி வீடுதான். ஒருநாள் செண்பகவடிவின் கூடப்பிறந்த அக்காளே பஸ்ஸை விட்டு இறங்கி, செண்பக இல்லம் எங்கே என்று கேட்டுக் கேட்டு யாருக்கும் தெரியாமல், கடைசியில் முத்துப்பேச்சி என்று ஒரு பெண் குடியிருக்கிற வீடு என்று சொல்லவும், ஆட்டோக்காரன் மறுபேச்சில்லாமல் கொண்டுவந்து இறக்கினான். அக்காள் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். செண்பகவடிவு சிரிக்கவில்லை. அந்த வாரமே, ஐதராபாத்திலிருந்து மகள் வந்து தங்கப் போகிறாள் என்று ஒரு பொய்யைச் சொல்லி, வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டாள்.

பேச்சி மறுநாளே வீடு தேடக் கிளம்பினாள். ஊரின் கீழ்க்கோடியில், கண்மாய்க்கரையோரம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட லைன் வீடு ஒன்றைப் பிடித்தாள். மேற்கே பார்த்த வாசல்; முன்னால் புல்கூட முளைக்காத பொட்டல். வண்டி போய் நின்றதும், பின்னாலேயே வந்த நிழல் அந்தப் பொட்டலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, நடுவில் ஒரு மாடி வீடு நிற்பதாக வைத்துக்கொண்டு, அதற்குத் தக்கபடி படுத்துவிட்டது. மேலே வெறும் ஆகாயம், கீழே அச்சு அசலாக ஒரு வீட்டின் நிழல்.

ஊர் இதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. சங்கிலியும் லூர்தும் கீழ்க்கோடிக்கே போய்விட்டார்கள். மினிபஸ் டிரைவர் யாரையும் கேட்காமல் நிறுத்தத்தை அங்கே மாற்றிக்கொண்டார். தண்ணீர்த் தொட்டியின் நிழல் எந்தக் கல்லைத் தொட்டால் பள்ளிக்கூடம் விடும், எந்தக் கல்லைத் தொட்டால் குழாயில் தண்ணீர் வரும் என்று பெண்கள் கண்டுவைத்துக்கொண்டார்கள். மேலத்தெருவுக்கும் ஒன்றும் நஷ்டமில்லை. செண்பகவடிவின் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் இப்போது காலை முதல் பொழுது சாயும்வரை தடையில்லாத வெயில் என்பதால், மேலத்தெருக்காரிகள் மிளகாய் வற்றலையும் வடகத்தையும் அங்கே கொண்டுவந்து பரப்பினார்கள். உங்கள் வீடு மாதிரி வற்றல் காய எந்த வீடு உண்டு என்று நல்லவிதமாகவே சொல்லிவிட்டுப் போனார்கள். செண்பகவடிவுக்கு அதைக் கேட்கக் கேட்க மிளகாயை அரைத்துப் பூசினதுபோல இருந்தது.

தினமும் சாயங்காலம் நாலு மணிக்குத் துணி எடுக்கும் சாக்கில் மொட்டைமாடிக்குப் போவாள். கிழக்குக் கைப்பிடிச் சுவர் ஓரம் நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கூரைகளுக்கு மேலாகக் கீழ்க்கோடியையே பார்ப்பாள். ஒன்றும் தெரியாது. தெரியாததைப் பார்த்துக்கொண்டே நின்று, தன் நிழலில் யார் யார் சொகுசாக உட்கார்ந்திருப்பார்கள் என்று ஒவ்வொருவராக நினைத்துப் பொருமிவிட்டு இறங்கி வருவாள்.

அவர்கள் அங்கே போன மூன்றாம் மாதம், தூத்துக்குடி ரோட்டில் லாரி கவிழ்ந்து பால்பாண்டிக்குத் தொடை எலும்பு முறிந்துவிட்டது. கட்டு வைத்தியர் வந்து கட்டிலை வாசலிலேயே போட்டு, காலைத் தூக்கி, நிலைச் சட்டத்தோடு சேர்த்துக் கயிறு கட்டி, கயிற்றின் நுனியில் செங்கல்களைத் தொங்கவிட்டு, எலும்பு கூடுகிறவரை கட்டில் ஒரு விரல்கடைகூட நகரக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். இனி அவன் எப்போது வண்டி ஓட்டுவானோ. பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு பேச்சி போனாள். இந்த ஊரில் ஐந்து வருசத்துக்குக் குறையாமல் குடியிருந்திருக்க வேண்டும், அதற்கு அத்தாட்சி கொண்டு வா என்றார் அதிகாரி. அவளுடைய அட்டைகளிலெல்லாம் பிறந்த ஊர் விலாசம்தான் இருந்தது. வாடகை ஒப்பந்தம் இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். இல்லை. எழுதிக் கொடுத்தால் வீட்டையே எழுதி வாங்கிவிடுவார்கள் என்று பயந்து செண்பகவடிவு ஏழு வருசமும் ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கொடுத்ததில்லை.

ஆகவே பேச்சி கேட்டுக்கொண்டு வந்தாள். ஒப்பந்தம் இல்லாவிட்டால் வாடகை ரசீது கொடுங்கள், அதுவும் இல்லாவிட்டால் கரண்டு பில்லின் நகலோடு வீட்டுக்காரர் கடிதம் ஒன்று கொடுங்கள் என்று ஒவ்வொரு படியாக இறங்கி வந்து கேட்டாள். செண்பகவடிவு ஒருநாள் அவுக வெளியூர் போயிருக்காக என்றாள். உள்ளே ஆவுடையப்பன் இருமினார். ஒருநாள் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடமாட்டேன் என்றாள். ஒருநாள் அஷ்டமி, இன்னொரு நாள் கண்ணாடியைக் காணோம். அதிகாரி குறித்துக் கொடுத்த நாள் நெருங்க நெருங்க பேச்சியின் வருகையும் கூடியது. கடைசியாக வந்த அன்று வாசல்படியில் உட்கார்ந்தே விட்டாள். அவள் உட்கார்ந்ததும் வீட்டுக் கதவு, காற்றே இல்லாமல், தானாக அகலத் திறந்துகொண்டது. அதைப் பார்த்த பிறகு செண்பகவடிவுக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் போய்விட்டது.

"முதல்ல என் நெழலக் கொண்டாந்து விடு. பொறவு கையெழுத்தக் கேளு."

"நான் என்ன கயிறு கட்டியா வச்சிருக்கேன்? வரும்னா கூட்டிட்டுப் போங்கக்கா. நான் கேக்கது ஒரு வரி. இவ ஏழு வருசம் இருந்தான்னு எழுதித் தாங்க. இல்லன்னா, இல்லவே இல்லன்னாவது எழுதித் தாங்க."

"இல்லவே இல்ல. போ."

பேச்சி எழுந்து போய்விட்டாள். கதவு மட்டும் அன்று முழுவதும் சாத்தச் சாத்தத் திறந்துகொண்டே இருந்தது.

ஊர் சும்மா இருக்கவில்லை. சங்கிலியும் லூர்துமாகப் போய் அதிகாரியை நேரிலேயே அழைத்து வந்தார்கள். ஒரு வீட்டு நிழலே கூட வந்திருக்கிறதே, அதைவிட அத்தாட்சி என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அதிகாரி நல்ல மனுசர். குனிந்து நிழலை உற்றுப் பார்த்தார், மேலத்தெரு வீட்டின் தொட்டிதான் இது என்று ஒத்துக்கொண்டார், வெயிலுக்கு இதமாகக் கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்தும் பார்த்தார். எல்லாம் சரிதான், ஆனால் இதைக் குண்டூசி குத்திக் கோப்பில் வைக்க முடியாதே என்று வருத்தமாகச் சொல்லிவிட்டு, நாளை மறுநாளோடு கெடு முடிகிறது என்பதையும் நினைவுபடுத்திவிட்டுக் கிளம்பினார்.

இதையெல்லாம் செண்பகவடிவுக்கு வந்து சொன்னவர் ஆவுடையப்பன். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. உச்சி வெயிலில் வெளியே போய் வந்த மனுசனுக்குக் கழுத்தில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. மூன்று மாதமாகவே இல்லை. மத்தியானம் வாசகசாலைக்குப் போகிறேன் என்று இவர் எங்கே போய்க்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. தெருக்காரர்கள் போனார்கள், நாய் போயிற்று, ஆடு போயிற்று, சரி, தாலி கட்டியவருமா? மறுநாள் அவர் கிளம்பியதும், சேலை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு பின்னாலேயே நடந்தாள்.

கீழ்க்கோடிக்கு வந்ததும் நின்றுவிட்டாள். கட்டிய நாளிலிருந்து தன் வீட்டின் நிழலை அவள் எட்டி நின்று முழுசாகப் பார்த்ததே இல்லை. விரட்டத்தான் வந்திருக்கிறாள், பார்க்க வந்ததில்லை. பொட்டல் நடுவே அது கறுப்பாக, குளிர்ச்சியாக, ஒரு மூலை பிசகாமல் படுத்திருந்தது. கைப்பிடிச் சுவரில் கொத்தனாரிடம் சண்டை போட்டு வைக்கச் சொன்ன பூவேலைகூடத் தரையில் பூப்பூவாக விழுந்திருந்தது. இவ்வளவு அழகான வீடா என் வீடு என்று மலைத்தாள். உடனே, இவ்வளவு அழகையும் பேச்சிக்குத்தான் காட்டியிருக்கிறது என்று எரிந்தது. தன் பூஜை அறை இருக்க வேண்டிய இடத்தில் லூர்து பூக் கட்டிக்கொண்டிருந்தாள். அடுப்படியில் சங்கிலி துணி தேய்த்தான். முன்னறையில் ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாயம் ஆடிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் சோழியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

நிழலின் விளிம்புக்கு அப்பால், லைன் வீட்டு வாசலில், பால்பாண்டியின் கட்டில் கிடந்தது. நிழல் அதைத் தொட இன்னும் இரண்டு முழம் இருந்தது. உச்சி தாண்டினதிலிருந்து மூன்று மணிவரை அவன்மேல் நேர் வெயில். உள்ளேயோ ஷீட்டுக்கு அடியில் அதைவிடச் சூடு. தார்ப்பாய் கட்டினால் ஆடிக்காற்று கிழித்துக்கொண்டு போகிறது என்று, பேச்சி கட்டில் தலைமாட்டில் நின்று, இரண்டு கையாலும் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். குடைக் கம்பிகளில் பாதி ஒடிந்திருந்தது. அவள் வாங்க என்றாள். குடையை விட முடியாததால் நின்ற இடத்திலிருந்தே, உக்காருங்கக்கா, மோர் இருக்கு, லூர்து எடுத்துத் தருவா என்றாள்.

செண்பகவடிவு உட்காரவில்லை. சுற்றிலும் பார்த்தாள். லைன் வீட்டுச் சுவர் நெடுகச் சட்டை, காலண்டர், முறம், பை என்று ஏதாவது தொங்கியது. சாய்ந்து உட்கார ஆட்களும் இருந்தார்கள். வாசலுக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் அகலத்துக்குச் சுவர் வெறுமையாகக் கிடந்தது. ஓர் ஆணிகூட இல்லை. அது என்ன, அங்கே மட்டும் ஏன் யாரும் உட்காரவில்லை என்று கேட்டாள்.

"அது உங்க இடம்க்கா," என்றாள் பேச்சி. "சாயங்காலம் துணி எடுக்க மாடிக்கு வருவீங்கள்ல, வீட்டு நெழலோட உங்க நெழலும் வந்து நேரா அந்தச் சொவத்துல விழும். இடுப்புல கைய வச்சிக்கிட்டு எங்க வாசலையே பாத்துட்டு நிப்பீங்க. உங்க மேல சாஞ்ச மாதிரி ஆயிருமேன்னு யாரும் அங்க உக்காரதில்ல."

செண்பகவடிவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. யாருக்கும் தெரியாது என்று நினைத்து அவள் மாடியில் தனியாக நின்று பொருமினதெல்லாம், தினமும் நாலு மணிக்கு ஆள் உயரத்துக்கு இந்தச் சுவரில் வந்து நின்றிருக்கிறது. ஊரே பார்த்திருக்கிறது. பார்த்துவிட்டு, இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறது.

"ஆனியில மூணு நாள் நீங்க வரல," என்றாள் பேச்சி. "மேலுக்கு முடியலையோன்னு அண்ணாச்சிட்ட கேட்டேன். காய்ச்சல்னாக."

அந்த மூன்று நாளும் கிளப்புக்கடையில் வாங்கினேன் என்று ஆவுடையப்பன் தூக்குவாளியில் மிளகு ரசம் கொண்டுவந்து கொடுத்தார். இந்தக் கடைக்காரனுக்கு இவ்வளவு கைமணமா என்று கேட்டு, அவள் வாளியை வழித்துக் குடித்திருக்கிறாள். இப்போது புருசனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தாயக்கட்டத்தைப் பார்த்தார்.

"பேப்பர் இருக்கா?" என்றாள் அவரிடம்.

இருந்தது. வீட்டுப் பத்திரம் அவள் பேரில் இருந்ததால் தான் கையெழுத்துப் போட வழியில்லாமல், முத்திரைத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் ஒரு வாரமாக அலைந்துகொண்டிருந்தார். சங்கிலி தள்ளுவண்டிப் பலகையைத் துடைத்துக் கொடுத்தான். தேய்த்த துணியின் சூடு இன்னும் ஆறாத பலகைமேல் தாளை வைத்து, தன் வீட்டு நிழலில் நின்றபடி, செண்பகவடிவு தன் கையாலேயே எழுதினாள். முத்துப்பேச்சி என் வீட்டு மாடியில் ஏழு வருசம் குடியிருந்தது உண்மை என்று எழுதினாள். பேனாவை எடுத்தாள். மறுபடி வைத்து, அந்த வீட்டில் முதன்முதலாகப் பால் காய்ச்சியவளும் அவள்தான் என்று, தாள் கிழிகிற மாதிரி அழுத்தி எழுதினாள். அதெல்லாம் ஆபீசில் கேட்கவில்லையே என்றார் ஆவுடையப்பன். இருக்கட்டும் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள். குடையைப் பிடித்த கை ஒழியாததால் பேச்சி அதைப் பல்லால் கவ்விக்கொண்டாள்.

கையெழுத்துப் போட்டதோடு செண்பகவடிவின் பொறாமை தீர்ந்தது என்று சொன்னால் கதைக்கு அழகாகத்தான் இருக்கும். தீரவில்லை. நிழலும் திரும்பி வரவில்லை. மறுநாள் காலையில் அதிகாரி அந்தத் தாளை வாங்கிக் குண்டூசி குத்திக்கொண்டார், நாளையிலிருந்தே வரச் சொல்லிவிட்டார் என்று சங்கிலி வந்து சொன்னான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சி பள்ளிக்கூடத்தில் இருப்பாளே, குடை யார் பிடிப்பது என்று செண்பகவடிவு கேட்டாள். நானும் லூர்தும் மாத்தி மாத்திப் பிடிச்சுக்கிடுவோம் என்று அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனான். அவளுக்கு மறுபடியும் சுருக்கென்றது. சங்கிலி பிடிப்பானாம், லூர்து பிடிப்பாளாம். வீட்டுக்காரி ஒருத்தி இருக்கிறேனே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

அதற்கு அடுத்த நாள் உச்சி சாய்ந்ததும் பீரோவைத் திறந்து, மகள் கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழக் கலர்ப் பட்டுச் சேலையை வெளியே எடுத்தாள். நல்ல அகலம், கெட்டி நூல். உங்களுக்கு இந்தக் கலர் எவ்வளவு எடுப்பா இருக்கு என்று பேச்சி ஒருகாலத்தில் சொன்ன சேலை அது. மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்க் கிழக்குக் கைப்பிடிச் சுவருக்கு மேலே கொடியில் விரித்தாள். ஆடிக்காற்று கிளிப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்தது. அவள் சேலையைக் கொடியோடு சேர்த்து இரண்டு கையையும் அகல விரித்துப் பிடித்துக்கொண்டு, காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்றாள். கீழே வடகம் கிளறிக்கொண்டிருந்த பெண்கள், பட்டுச் சேலையை யாராவது உச்சி வெயிலில் காயப்போடுவார்களா என்று கேட்டார்கள். என் சேலை, என் வெயில் என்றாள்.

கீழ்க்கோடி அன்றும் அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. கை கடுத்தது, உள்ளங்கால் சுட்டது, மூன்று மணி ஆகிற வழியாக இல்லை. ஆனாலும் அவள் கையைத் தளர்த்தவில்லை. வீட்டின் நிழலைத்தான் பேச்சி கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பால்பாண்டியின் கட்டிலை எட்டுகிற இந்த இரண்டு முழ நிழலை யாரும் கூட்டிக்கொண்டு போக முடியாது, இதை மட்டும் தினமும் செண்பகவடிவுதான் கொடுத்தாக வேண்டும்.